மூன்றாவதாக வரவேண்டிய குதிரை

அண்ணையின் குதிரை மூன்றாவதாக வரவேண்டும் என்பது அவருடைய விருப்பம். இரண்டாவதாக வந்தாலும் பரவாயில்லை. முதலாவதாக வரக்கூடாது, நாலாவதாகவும் வரக்கூடாது. லண்டன் ஸ்ட்ரெதமில் என் வீட்டுக் குசினியில் அவர் இதைச் சொன்னபோது நான் பருப்பு அவிய வைத்துக்கொண்டிருந்தேன்.

"அப்பிடி வர ஏலுமோ, தங்கச்சி?"

"குதிரைக்குச் சொல்லி வைக்க ஏலாது."

"ஏறி ஓட்டுற ஜொக்கிக்கு?"

"சொன்னால் உங்களை ஆயுளுக்கும் பந்தயத் திடலுக்குள்ளை விடமாட்டினம்."

"ஒரு கதைக்குக் கேட்டனான்," என்றார்.

என்னிடம் கேட்டதற்குக் காரணம் என் தொழில். கொழும்பில் ஒரு தமிழ்த் தினசரியின் விளையாட்டுப் பக்கத்தில் பிறர் எழுதியதை வெட்டிச் சுருக்கும் வேலை பார்த்தேன். லண்டனிலும் அதையே வேறு விதமாகச் செய்கிறேன். மறுநாள் ஓடவிருக்கும் ஒவ்வொரு குதிரைக்கும் அதன் வாய்ப்பைப் பற்றி முப்பது சொல் எழுதித் தரவேண்டும். அந்த முப்பது சொல்லும் பந்தய அட்டையில் குதிரையின் பெயருக்குக் கீழே வரும். எனக்குக் கிடைப்பவை பெரும்பாலும் குளிர்காலப் பந்தயங்கள், அதாவது செயற்கைத் தரையில் நடப்பவை. மணல், நார், மெழுகு மூன்றையும் கலந்து போட்ட தரை அது. மழை பெய்தாலும் ஓடலாம், லேசாக உறைந்தாலும் ஓடலாம். புல் தரையின் குணம் நாளுக்கு நாள் மாறும். இந்தத் தரை அவ்வளவு மாறாது. அதனால் போன மாதம் ஒரு குதிரை எப்படி ஓடியதோ அதை நம்பி இந்த மாதத்தைப் பற்றி ஏதோ சொல்லமுடியும். கோடையில் யாரும் பார்க்க விரும்பாத அதே குதிரைகள் குளிர்காலம் முழுக்க வாரா வாரம் சந்தித்துக்கொள்ளும். ஒரே கந்தோரில் வேலை செய்பவர்களைப் போல, ஒன்றின் குறை மற்றதற்குத் தெரிந்துவிடுமோ என்றுகூட எனக்குத் தோன்றியிருக்கிறது.

குதிரைக்கு நாலு சொந்தக்காரர்கள். அண்ணை பாரிஸில் உணவகக் குசினிகளில் பல வருடம் நின்றுவிட்டு லண்டனுக்கு வந்தவர். பிளேஸ்டோவில் வீடு, தரைக்குப் பலகையும் டைல்ஸும் பதிக்கிற தொழில். அடுத்தவர் அண்ணை போகிற கத்தோலிக்கப் பங்குக் கோயிலுக்கே போகிற மன்னார்க்காரர், பலசரக்குக் கடை வைத்திருப்பவர். மற்ற இருவரும் வட லண்டன் எட்மண்டனில் இருக்கிற சகோதரர்கள், மின்சார வேலை செய்பவர்கள். நால்வரும் சேர்ந்து நடத்திய சீட்டு ஒன்று முடிந்தபோது, பழக்கம் விட்டுப்போகக்கூடாது என்பதற்காகக் குதிரை வாங்கினார்கள். அந்தக் காசுக்கு வேலைக்கு ஒரு வான் வண்டி வாங்கியிருக்கலாம் என்று அண்ணி சொன்னார்.

குதிரை பிரான்சில் பிறந்தது. பழுப்பு நிறம், பின்கால் ஒன்றில் மட்டும் வெள்ளை. ஆண்மை நீக்கப்பட்டது. அண்ணை சனிக்கிழமைகளில் லாயத்துக்குப் போய் அதனோடு பிரெஞ்சில் பேசுவார். லாயத்தில் வேலை செய்கிற பிள்ளைகள் எல்லோரும் ஆங்கிலத்தில்தான் பேசுகிறார்கள், பாவம், குதிரை வந்த நாளிலிருந்து ஒரு சொல் விளங்காமல் நிற்கிறது என்பது அவருடைய கருத்து. அவர் லண்டனுக்கு வந்த முதல் வருடத்தைப் பற்றி இதற்கு முன்னும் பின்னும் என்னிடம் எதுவும் சொன்னதில்லை.

அந்தக் குளிர்காலத்தில் குதிரை எதையும் வெல்லவில்லை. தரப்புள்ளி இறங்கிக்கொண்டே போனது. புள்ளி இறங்கினால் முதுகில் ஏற்றும் பாரம் குறையும், பாரம் குறைந்தால் வெல்லலாம் என்பது விதி. நம் குதிரைக்கு விதி தெரியவில்லை. கடைசியில் பயிற்சியாளர் ஒரு விற்பனைப் பந்தயத்தில் அதைச் சேர்த்தார். மிகக் கீழ்த்தரக் குதிரைகளுக்கான பந்தயம் அது. வென்ற குதிரையை அந்த இடத்திலேயே ஏலத்தில் விடுவார்கள். தோற்ற குதிரையையும் விரும்பியவர் கேட்டு வாங்கலாம். நம் குதிரை தோற்றால் அதை யாரும் கேட்கமாட்டார்கள் என்பதில் மட்டும் நால்வரும் ஒரே கருத்தில் இருந்தார்கள்.

பூசை முடிந்து கோயில் மண்டபத்தில் தேநீர் குடிக்கும்போது முடிவு எடுத்திருக்கிறார்கள். முதல் மூன்றுக்குள் வராவிட்டால் குதிரையை எப்படியாவது விற்றுவிடுவது. வென்று ஏலத்துக்குப் போனால் போகட்டும், நால்வரில் எவரும் ஏலம் கேட்கக்கூடாது. இதைப் பிடிவாதமாக நின்று முடித்துவைத்தவர் கடைக்காரர். "உது சாப்பிடுற அளவுக்கு என்ரை கடையிலை ஒருத்தரும் சாமான் வாங்கிறேல்லை," என்பது அவருடைய வாதம். அண்ணையும் சம்மதித்திருந்தார். அதனால்தான் இரண்டாவது அல்லது மூன்றாவது. குதிரை அவரிடமே இருக்க வேறு வழி இருக்கவில்லை.

பருப்பை இறக்கிவிட்டு, கணினியைத் திறந்து பார்த்தேன். இந்தப் பந்தயம் வேலையில் என் பங்குக்கு வரவில்லை. வந்திருந்தால் மறுத்திருப்பேன். வீட்டுக் குசினியில் சொல்வதற்குத் தடை எதுவுமில்லை.

எட்டுக் குதிரைகள், ஒரு மைல். நாலு குதிரைகளுக்கு வாய்ப்பே இல்லை. ஒன்று நீண்ட ஓய்வுக்குப் பிறகு வருகிறது, மற்ற மூன்றும் ஓய்வே இல்லாமல் வருகின்றன. மிச்சம் நாலு. இப்படிப்பட்ட திடலில் முடிவுக் கோட்டுக்கு முந்தைய நேர்பாதை குறுகியது. முன்னால் ஓடும் குதிரையைப் பின்னாலிருந்து வந்து பிடிப்பது கடினம். அதனால் நான் முதலில் பார்ப்பது யார் முன்னால் போவார் என்பதைத்தான். நம் குதிரைக்கு முன்னால் ஓட மட்டும்தான் தெரியும். பின்னால் ஓடினால் முன் குதிரைகளின் குளம்பிலிருந்து மணல் முகத்தில் அடிக்கும். மற்றக் குதிரைகள் அதைப் பொறுத்துக்கொள்கின்றன. நம்முடையது அதை அவமதிப்பாக எடுத்துக்கொண்டு, தொடர்ந்து ஓடுவதா என்று யோசிக்கத் தொடங்கிவிடும். ஆனால் ஓட்டம் தொடங்கும் கூண்டில் முதலாம் வாசல் இன்னொரு குதிரைக்குக் கிடைத்திருந்தது. அதற்கும் முன்னால் ஓட மட்டும்தான் தெரியும். நம்முடையது இரண்டாம் வாசல்.

"ரெண்டும் ஆரம்பத்திலேயே மல்லுக்கட்டும். ரெண்டும் களைக்கும். பின்னாலை பொறுமையா வாற ஒண்டு வெல்லும். உங்கடையது மூண்டாவது, இல்லாட்டில் நாலாவது."

"மூண்டோ நாலோ?"

"மூண்டெண்டுதான் நினைக்கிறன்."

அண்ணை எழுந்து வந்து பருப்புக்கு உப்புப் பார்த்தார். அவர் சந்தோசமாக இருக்கும்போது செய்கிற காரியம் அது.

புதன்கிழமை மத்தியானம் அண்ணையும் கடைக்காரரும் நானும் தெற்கே போகிற ரயிலில் இருந்தோம். எட்மண்டன்காரர்களுக்கு ஷிப்ட். கடைக்காரர் கோட்டும் சூட்டும் போட்டு, கடையிலிருந்து ஒரு பை நிறைய வடையும் பற்றீஸும் கொண்டு வந்திருந்தார். குரொய்டன் தாண்டியதும் நான் கைத்தொலைபேசியில் பந்தய அட்டையைப் பார்த்தேன். முதலாம் வாசல் குதிரையை விலக்கியிருந்தார்கள். காலில் வீக்கம் என்று போட்டிருந்தது.

இதைக் கடைக்காரர் முன்னால் சொல்வதா என்று யோசித்தேன். அவருக்கும் கால் பங்கு இருக்கிறதே என்று நினைத்துச் சொல்லிவிட்டேன்.

"அப்ப?" என்றார் அண்ணை.

"இப்ப முன்னாலை போறதுக்கு வேறை ஆளில்லை. தனிய, தன்ரை பாட்டிலை ஓடும். களைக்காது."

"அப்ப ரெண்டாவது."

"இல்லை. முதலாவது. உதிலை இப்ப இதுக்குத்தான் வாய்ப்புக் கூட."

அண்ணை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கடைக்காரர் ஒரு பற்றீஸை எடுத்துப் பாதியைக் கடித்தார்.

"வெல்லுற குதிரை வைச்சிருக்கிறம் எண்டு சந்தோசப்படுங்காணும்," என்றார். "முகத்தைப் பாத்தா செத்த வீட்டுக்குப் போற மாதிரி."

"உமக்கென்ன, நீர் விக்கிறதிலைதானே நிக்கிறீர்."

"நான் கடைக்காரன். விக்கிறதுதான் என்ரை தொழில்."

திடலில் ஆட்கள் அதிகமில்லை. வார நாள், குளிர். இருந்தவர்களில் பாதிப் பேர் குதிரைகளோடு சம்பந்தப்பட்டவர்கள், மீதிப் பேர் வெதுவெதுப்பான இடத்தில் நின்று தொலைக்காட்சியில் வேறு திடல்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள். ஓட்டத்துக்கு முன்னர் குதிரைகளை நடத்திக் காட்டும் வளையத்துக்குள், பயிற்சியாளர் ஜொக்கியிடம் இரண்டு வசனம் பேசினார். அண்ணை வேலிக்கு வெளியே நின்று குதிரையிடம் பிரெஞ்சில் ஏதோ சொன்னார். என்ன சொன்னீர்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதை யாரிடமாவது முறைப்படி தெரிவிக்கவேண்டி வந்திருக்கலாம்.

பந்தயத்தைப் பற்றி எழுத அதிகமில்லை. வாசல் திறந்தது, நம் குதிரை முன்னால் போனது, யாரும் கூடப் போகவில்லை. வளைவில் குதிரை மூச்சு வாங்கட்டும் என்று ஜொக்கி வேகத்தைக் குறைத்தார், அதையும் யாரும் கவனிக்கவில்லை. நேர்பாதைக்கு வந்ததும் பின்னாலிருந்த ஆறும் ஒரே நேரத்தில் விரட்டத் தொடங்கின. ஆனால் நேரம் பிந்திவிட்டது. ஒரு குதிரை நீளத்துக்கும் சற்றுக் குறைவான இடைவெளியில் நம்முடையது வென்றது. என் கணிப்பு இவ்வளவு சுத்தமாகப் பலிப்பது அபூர்வம். அண்ணை தொப்பியைக் கழற்றி, உள்ளே பார்த்து, மறுபடியும் போட்டுக்கொண்டார்.

"நான் ஒருக்கா வெளியிலை போட்டு வாறன்," என்றார்.

கடைக்காரர் வென்ற குதிரைக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார். பிறகு அவரையும் காணவில்லை.

ஏலம் அதே வளையத்தில் நடந்தது. ஏலக்காரர் நடுவில் நின்றார். குதிரை அவரைச் சுற்றி நடந்தது, மூச்சு இன்னும் ஆறவில்லை. நான் படிக்கட்டின் மேலே நின்றதால் முழு வளையமும் தெரிந்தது. முதலில் தோல் காலணி போட்ட ஒரு பயிற்சியாளர் கேட்டார். இரண்டு தரம் ஏற்றிவிட்டு, தலையை ஆட்டிக்கொண்டு தேநீர் குடிக்கப் போய்விட்டார். அதற்குப் பிறகும் விலை ஏறிக்கொண்டிருந்தது. ஏலக்காரர் இடது பக்கம் பார்ப்பார், பிறகு வலது பக்கம். நானும் பார்த்தேன்.

இடது பக்கம், அகலமான ஒரு மனிதரின் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு கை எழுந்தது. கையில் சுருட்டிய பந்தய அட்டை. அது அண்ணையின் கை. வலது பக்கம், எடை பார்க்கும் அறையின் தூணுக்குப் பின்னாலிருந்து ஒரு விரல். விரலுக்குப் பின்னால் கடைக்காரரின் சூட்.

கோயில் மண்டபத்தில் கேட்கமாட்டோம் என்று சொன்னவர்கள் இருவர், தங்கள் சொந்தக் குதிரைக்குத் தங்களுக்குள்ளேயே போட்டி போட்டுக்கொண்டிருந்தார்கள். ஏலத்தில் ஏறுகிற தொகையில் ஒரு பகுதி திடலுக்குப் போகும். ஏலக்காரர் உற்சாகமாக இருந்தார்.

படி இறங்கி, வேலியைச் சுற்றி அண்ணையிடம் போய்ச் சேர்வதற்குள் இன்னும் இரண்டு தரம் ஏறிவிட்டது.

"அண்ணை, கையை விடுங்கோ."

"பேசாதை. ஆரோ ஒரு விசரன் ஏத்திக்கொண்டு நிக்கிறான்."

"அது கடைக்காரர்."

அண்ணை எட்டிப் பார்த்தார். தூணும் விரலும் தெரிந்தன. கை இறங்கவில்லை.

"உவனுக்கு ஏன் குதிரை?"

"எனக்குத் தெரியாது."

"நான் விட்டா அவன் எடுத்துப்போடுவான்."

"ஓம். எடுப்பார்."

"எடுத்துப்போட்டு நாளைக்கு ஆருக்கும் வித்தா?"

குதிரைகளின் போன மாதம் எனக்குத் தெரியும், கடைக்காரரின் போன மாதத்தை வைத்துப் பார்த்தால் விற்றுவிடுவார் என்றுதான் எழுதவேண்டும். அதைச் சொல்லாமல் நின்றேன். ஏலக்காரர் எங்கள் பக்கம் பார்த்து, புருவத்தை உயர்த்தி, காத்திருந்தார். குதிரை எங்களைக் கடந்து நடந்தது. அண்ணை அது போவதைப் பார்த்தார். பிறகு அட்டையை மடித்து ஜாக்கெட் பைக்குள் வைத்தார்.

சுத்தியல் விழுந்தது.

தூணுக்குப் பின்னாலிருந்து கடைக்காரர் வெளியே வந்தார். அண்ணையும் நானும் வருவதைக் கண்டதும் மறுபடியும் பின்னால் போகப் பார்த்தார், தூண் போதவில்லை.

"மற்ற ஆள் நீர்தானோ?" என்றார்.

"ஓம்."

"கேக்கமாட்டன் எண்டு சத்தியம் பண்ணினனீரெல்லே."

"நீர்தானே பண்ணச் சொன்னனீர். நீர் ஏன் கேட்டனீர்?"

கடைக்காரர் குதிரை நின்ற பக்கம் பார்த்தார். "படம் எடுக்கேக்கை என்ரை தோளிலை தலையை வைச்சுது," என்றார். "வியர்வை. சூட் பாழாப்போச்சு." தோளைத் துடைத்துக்கொண்டே, "பாதி உம்மடை. வேணுமெண்டாச் சொல்லும்," என்றார்.

"வேணும்."

"அப்ப சரி. எட்மண்டன்காரருக்கு ஆர் சொல்லுறது?"

"நீர்தான். வாங்கினவர் நீர்."

அலுவலகத்தில் இருந்த பெண் படிவத்தைப் பார்த்தார். விற்றவர்கள் பட்டியலில் கடைக்காரரின் பெயர் இருந்தது, வாங்கியவர் இடத்திலும் அதே பெயர். இது அடிக்கடி நடப்பதுதான் என்று சொன்னார். கடைசிவரை எதிர்த்துக் கேட்டவர் இவர்தானா என்று அண்ணையைக் காட்டிக் கேட்டார். ஆம் என்றோம். இது அடிக்கடி நடப்பதில்லை என்றார்.

குதிரையை எந்த லாயத்துக்கு அனுப்பவேண்டும் என்று கேட்டார். கடைக்காரர் அண்ணையைப் பார்த்தார்.

"இருந்த இடத்துக்கே," என்றார் அண்ணை. அதை இரண்டு தரம் சொன்னார், இரண்டாம் தரம் தேவைக்கு மேல் சத்தமாக. பிறகு இருவரும் கோட்டுக் கொலரை உயர்த்திக்கொண்டு குதிரை ஏற்றும் வண்டியைத் தேடிப் போனார்கள். மிச்சமிருந்த வடையைக் குதிரைக்குக் கொடுக்கலாமா கூடாதா என்று அங்கே போகும்வரை வாக்குவாதம் நடந்தது.