நான் அணைத்த தீயும் அவர்கள் போட்ட வீடியோவும்

போன வருஷம் மழை முடிந்த சமயம். மாட்டுங்காவில் ஒரு மாடி அறை, சனிக்கிழமை சாயங்காலம். அன்று அங்கே இருந்தவர்கள் ஆறு பேர்: ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லித் தரும் சார், கூடமாட உதவி செய்யும் அவர் மனைவி, தாராவியில் தோல் பை பட்டறை வைத்திருக்கும் பாய், மருந்துக்கடை கவுண்டரில் நிற்கும் ஒரு பெண், பேங்கில் பியூனாக இருக்கும் ஒருவர், அப்புறம் நான். இந்த ஆறு பேரைத் தவிர வேறு யார் காதிலும் அன்று நான் பேசியது விழுந்திருக்கக் கூடாது. அதனால்தான் ஆளை எண்ணிச் சொல்கிறேன்.

நான் எட்டாவதோடு படிப்பை விட்டவள். வீடு தாராவியில். பாந்த்ரா பக்கம் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் ஹவுஸ்கீப்பிங் வேலை. எங்கள் சூப்பர்வைசர் ஊருக்குப் போகப் போகிறார், அந்த இடத்துக்கு என்னையும் இன்டர்வியூவுக்குக் கூப்பிடுவார்கள் என்று பேச்சு அடிபட்டது. சூப்பர்வைசர் என்றால் காலையில் ஆபீஸ்காரர்களிடம் இங்கிலீஷில் நாலு வார்த்தை சொல்ல வேண்டும். லிஃப்ட் ரிப்பேர், தண்ணீர் வரவில்லை, இன்று ரெண்டு பேர் லீவு. இவ்வளவுதான். ஆனால் எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். காஸை மூடினேனா என்று பாதி வழியில் இருந்து வீட்டுக்குத் திரும்பி ஓடுகிற ஆள் நான். அந்த நாலு வார்த்தைக்கும் அதே பயம்தான். அதனால்தான் அந்த வகுப்பில் சேர்ந்தேன்.

சார் நன்றாகத்தான் சொல்லித் தந்தார், அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒரே ஒரு ‘புட்’டை வைத்துக்கொண்டு வெள்ளைக்காரன் எத்தனை வேலை வாங்குகிறான்! ‘புட் ஆன்’ என்றால் உடுத்துவது. ‘புட் ஆஃப்’ என்றால் அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடுவது. ‘புட் அவுட்’ என்றால் தீயை அணைப்பது. ‘புட் அப் வித்’ என்றால் சகித்துக்கொள்வது. இதில் ‘லுக்’ வேறு. ‘லுக் ஆஃப்டர்’ என்றால் கவனித்துக்கொள்வது, ‘லுக் ஃபார்’ என்றால் தேடுவது. ஒரு நாள் பாய் தன் உம்மாவைக் கவனித்துக்கொள்கிறேன் என்று சொல்வதற்குப் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லிவிட்டார். “எங்க பாய் தொலைச்சீங்க?” என்றார் சார். பாயும் விழுந்து விழுந்து சிரித்தார், நாங்களும் சிரித்தோம். நாலு சுவருக்குள் சிரிக்கிற சிரிப்பு அது. அதில் யாருக்கும் நோவு இல்லை.

சனிக்கிழமைதோறும் ஒருவர் எழுந்து நின்று, தன் வாழ்க்கையில் உண்மையாக நடந்த ஒரு சம்பவத்தை இந்த மாதிரி வார்த்தைகள் வைத்துச் சொல்ல வேண்டும். அதுதான் அந்த வகுப்பின் வழக்கம். அன்று என் முறை. நான் தீயைப் பற்றிச் சொன்னேன்.

எங்கள் கோலி, அதாவது வீடு, ஒரே அறைதான். மேலே பலகை போட்டு ஏணி வைத்த மாடியில் இன்னொரு குடும்பம், கைக்குழந்தையோடு. ஒரு நாள் அப்பளம் பொரிக்கும்போது எண்ணெய்ச் சட்டி குப்பென்று பற்றிக்கொண்டது. ஜ்வாலை பலகையைத் தொடுகிற உயரம். பலகை பிடித்தால் மேலே இருக்கிற பிள்ளை போச்சு. சுவரோடு சுவராக இருக்கிற அந்தச் சந்து முழுக்கப் போச்சு. நான் பெரிய தாம்பாளத்தை எடுத்துச் சட்டியை மூடி, காஸைத் திருகிவிட்டேன். தண்ணீர் மட்டும் ஊற்றவில்லை. மணிக்கட்டில் தோல் வழன்று போனது. இதையெல்லாம் இங்கிலீஷில் திக்கித் திணறிச் சொல்லி, கடைசியில் “ஐ புட் ஆஃப் தி ஃபயர்” என்று முடித்தேன்.

“தீயைத் தள்ளிப்போட்டீங்களா? நாளைக்கு வான்னு சொன்னீங்களாக்கா?” என்றார் சார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. சாரின் மனைவி கையில் போன் இருந்ததை அப்போதுதான் கவனித்தேன். “உங்களுக்குக் காட்டத்தான் ஆண்ட்டி. நம்ம தப்பு நமக்கே தெரியணும் இல்லையா?” என்றாள். சரிதானே என்று விட்டுவிட்டேன்.

புதன்கிழமை வேலையிடத்தில் பேன்ட்ரியில் கப் கழுவிக்கொண்டிருந்தேன். கூட வேலை செய்யும் மராத்திக்காரப் பெண் போனை நீட்டினாள். “தாயீ, ஹே தும்ஹீச் நா?” அக்கா, இது நீங்கதானே என்கிறாள். நான்தான். என் முகம், என் திணறல், நான் ‘புட் ஆஃப்’ என்றதும் பின்னால் கழுதை கத்துகிற சத்தம். என் நெற்றி வேர்வையைக் கிட்டத்தில் இழுத்துக் காட்டியிருந்தார்கள். அடுத்த காட்சியில் ஒரு பெண் கோட்டு போட்டுக்கொண்டு தண்ணீர் பட்ட பாடாக இங்கிலீஷ் பேசுகிறாள். ‘எங்களிடம் வருவதற்கு முன், வந்த பின்’ என்று எழுத்து ஓடுகிறது. அந்தப் பெண் யார் தெரியுமா? சாரின் மனைவி! கான்வென்டில் படித்தவள்! முன் என்பதற்கு நானாம், பின் என்பதற்கு அவளாம்.

திங்கட்கிழமை இன்டர்வியூ. கட்டடம் முழுக்க இது சுற்றினால், ஆபீஸ்காரர்களிடம் பேச இந்தக் கழுதையைத்தானா அனுப்புவது என்று மேனேஜர் கேட்க மாட்டாரா? மூன்று நாள் சோறு இறங்கவில்லை. போன் செய்தால், “அக்கா, நல்ல வியூஸ் போயிட்டிருக்கு, இப்பப் போய்…” என்று வைத்துவிட்டார் சார்.

சனிக்கிழமை நேரே போனேன். அன்று புதிதாகச் சேர வந்தவர்கள் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். சிலர் என்னைப் பார்த்ததுமே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்த இங்கிலீஷை அப்படியே சொன்னேன்.

“சார், யூ டேக் ஆஃப் மை வீடியோ.”

“அக்கா, டேக் ஆஃப்னா ப்ளேன் கிளம்பறது. டேக் டவுன்னு சொல்லணும்.”

அறையே சிரித்தது. என் வாழ்க்கையில் அப்படி ஒரு கோபம் எனக்கு வந்ததே இல்லை. அதுவரை இருந்த பயம் எங்கே போனதென்று தெரியவில்லை.

“நான் என்ன சொல்லுதேன்னு உமக்கு வெளங்கிருச்சுல்லா? அப்ப மொதல்ல அத எறக்கும், பொறவு திருத்தும்! உம்ம பொண்டாட்டி முகத்த முன்னாலயும் என் முகத்த பின்னாலயும் போட்டிருப்பீரா?”

“இதுக்குப் போய் இவ்ளோ சென்டிமென்ட்டாக்கா? ஃப்ரீயா ஃபேமஸ் ஆயிட்டீங்க…”

பின்னால் இருந்து பாய் எழுந்தார். “சாரே, எங்க உம்மாவத் தேடுன வீடியோவும் இருக்கா? இருந்தா அதையும் எடுத்துருங்க. நான் பட்டறைல நாப்பது பேருக்கு மொதலாளி.” மருந்துக்கடைப் பெண் பையை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போய் நின்றாள். புதிதாக வந்தவர்களில் மகளோடு வந்திருந்த ஒருவர், “இவங்ககிட்ட கேட்டுட்டா போட்டீங்க?” என்று சாரைக் கேட்டார். அதற்குப் பிறகுதான் போனை எடுத்தார் சார். எல்லோர் முன்னிலையிலும் வீடியோவை அழித்தார். இனி வகுப்புக்கு வர மாட்டேன் என்றேன், ஃபீஸைத் திருப்பித் தருகிறேன் என்றார். ஒரு மன்னிப்பு? ஊஹூம். அந்த வார்த்தை மட்டும் அவருக்கு எந்த பாஷையிலும் வரவில்லை.

அழித்து என்ன, அது அதற்குள் பல வாட்ஸ்அப் குரூப்பில் ஏறியிருந்தது. திங்கட்கிழமை மேனேஜர் என்னைப் பார்த்ததுமே அவர் முகத்தில் ஒரு மாற்றம். பார்த்துவிட்டார் என்று புரிந்தது. நாற்காலி நுனியில் உட்கார்ந்து, முடிந்தது கதை என்று நினைத்தேன். அவர் இந்தியில் கேட்டார்: “ஆக் புஜ் கயீ தீ நா? ஹாத் அப் டீக் ஹை?”

தீ அணைந்துவிட்டதுதானே, கை இப்போது தேவலையா என்று கேட்டார். எத்தனையோ பேர் பார்த்துச் சிரித்த அந்தக் கதையில், அந்தக் கேள்வியைக் கேட்டது அவர் ஒருவர்தான். அந்த அறையில் இருந்த ஐந்து பேர்கூடக் கேட்கவில்லை. முழுக்கையை விலக்கி மணிக்கட்டைக் காட்டினேன். மாடியில் இருந்த பிள்ளையைப் பற்றியும் சொன்னேன். தண்ணீர் ஏன் ஊற்றவில்லை என்று கேட்டார், எண்ணெய்த் தீ தண்ணீர் பட்டால் சீறும் என்றேன். வேலை கிடைத்தது.

“வேலதான் கெடச்சிருச்சுல்லா, பொறவு என்னத்துக்குட்டி இன்னும் கொதிக்கே?” என்று என் வீட்டுக்காரர் கேட்கிறார். கொதிக்கத்தான் செய்வேன். தெரியாததைக் கற்றுக்கொள்ள வருகிறவள், தன் தெரியாமையை ஒருவரை நம்பித்தான் திறந்து காட்டுகிறாள். டாக்டரிடம் புண்ணைக் காட்டுகிற மாதிரி. அதைப் படம் பிடித்துத் தெருவில் மாட்டுகிறவர் எத்தனை வார்த்தை சரியாகச் சொன்னால்தான் என்ன? இப்போது தினமும் காலையில் நான் இங்கிலீஷில் பேசுகிறேன். பாதி தப்பாகத்தான் இருக்கும். கேட்கிறவர்கள் முதலில் லிஃப்டைச் சரிசெய்ய ஆள் அனுப்புகிறார்கள்.

சார் இப்போது செம்பூரில் புதுப் போர்டு மாட்டியிருக்கிறாராம். பாதியில் நின்ற என் வகுப்புக்கு ஃபீஸைத் திருப்பித் தருகிறேன் என்று அன்று பத்துப் பேர் முன்னால் சொன்னவர், என் போனை எடுப்பதில்லை. என்னைப் பார்த்து ஊர் சிரித்ததை அவரால் திருப்பித் தர முடியாது, அதை நான் கேட்கவும் இல்லை. திருப்பித் தர முடிகிறது ஒன்றே ஒன்றுதான், அதையும் அவர் தராத வரைக்கும் நான் எதையும் மறப்பதாக இல்லை: மூவாயிரம் ரூபாய்.