வாங்கன்னு சொல்லாத சாயங்காலம்

எங்க பக்கம் ஊட்டுக்கு யாரு வந்தாலும் முதல்ல "வாங்க"ன்னு சொல்லணும். தண்ணி குடுக்கிறது, காப்பி வைக்கிறதெல்லாம் அதுக்கு அப்புறம்தான். அந்த வார்த்தை வாயில வரலைன்னா வந்தவங்க வாசல் தாண்ட மாட்டாங்க. சோறு போடலைன்னு யாரும் உறவை முறிச்சதில்லை. வாங்கன்னு சொல்லலைன்னு முறிச்சவங்க எங்க ஊர்லயே இருக்காங்க.

கூடப் பிறந்த அண்ணனுக்கு நான் அந்த வார்த்தையைச் சொல்லாம விட்டேன். கண்ணு தெரியாமத்தான் விட்டேன். அவர் அதை நம்பலை. நம்பாம இருக்க அவருக்குக் காரணமும் இருந்துச்சு.

சில வருசத்துக்கு முன்னால ரெண்டு கண்ணுலயும் புரை விழுந்து ஆபரேசன் பண்ணினாங்க. நான் நாலு பேர் முன்னால வாயே திறக்காதவ. கடையில நின்னா எனக்கு அப்புறம் வந்தவங்க சாமான் வாங்கிட்டுப் போன பின்னாலதான் வேணுங்கிறதைக் கேப்பேன். ஆனா கட்டுப் பிரிச்ச பின்னால எனக்கு அப்படி ஒரு சந்தோசம், வாய் தானா வந்துச்சு. பார்க்க வந்த அண்ணங்கிட்ட, "அடுத்த தோட்டத்துத் தென்னையில காயை எண்ணிச் சொல்லட்டுங்களாண்ணா?"ன்னு கேட்டேன். அவர் சிரிச்சு, "எங்க அம்மிணிக்குக் கழுகுக் கண்ணு வச்சு அனுப்பிட்டாங்க"ன்னு அவங்க ஊர் மோகனூர் பூராவும் சொல்லிட்டுத் திரிஞ்சார்.

அந்தக் கண்ணு போன வருசத்துக்கு முந்தின வருசம் மங்க ஆரம்பிச்சுது. மோர் குடிச்சு அலம்பாத டம்ளர் வழியாப் பார்க்கிற மாதிரி இருக்கும். வெயிலுக்கு எதிர்ல யாராவது நின்னா ஆளு உருவந்தான் தெரியும், மூஞ்சி தெரியாது. புரை திரும்ப வந்துருச்சுன்னு நினைச்சுக்கிட்டேன். ஒரு கண்ணுல ஒருக்காத்தான் கத்தி வைக்கலாம், மறுக்கா வச்சா கண்ணே போயிரும்னு பஸ்ஸுல ஒரு அம்மா பேசினது மனசுல கிடந்துச்சு. அவ்வளவு பெருமை பேசின கண்ணு கெட்டுப் போச்சுன்னு சொல்ல வெக்கமும்தான். யாருகிட்டயும் சொல்லலை.

எங்க பையன் கோழிப்பண்ணை வச்சிருக்கான். முட்டை லாரிக்காரங்களும் தீவனக்காரங்களும் வந்து வாசல் கேட்டுக்குப் பக்கத்துல நிப்பாங்க. அவன் போய்ப் பேசுவான், நான் உள்ள போயிருவேன். எங்க வாசல் மேற்குப் பார்த்தது. அன்னிக்குச் சாயங்காலம் பொழுது இறங்கற நேரம், கேட்டுகிட்ட ஒரு வெள்ளை வேட்டி நின்னுச்சு. என்னையே பார்க்கிற மாதிரி இருந்துச்சு. நானும் பார்த்தேன். லாரிக்காரர்னு நினைச்சு உள்ள போயி உலையில அரிசியைப் போட்டேன்.

திரும்பி வந்தப்ப ஆளு இல்லை. மதில் மேல ஒரு கல்யாணப் பத்திரிகை, காத்துல பறக்காம இருக்க மேல ஒரு கல்லு. பண்ணையிலிருந்து வந்த பையன் எடுத்துப் படிச்சுட்டு, "மாமா ஊட்டுப் பத்திரிகைம்மா. மாமா வந்தாரா? உள்ள கூப்பிடலையா நீ?"ன்னான்.

அப்பவே போன் போட்டான். அண்ணன் பேசினது பக்கத்துல நின்ன எனக்கே கேட்டுச்சு.

"மூஞ்சிக்கு நேரா பாத்துட்டு உள்ள போறாடா உங்கம்மா. பேத்தி கல்யாணத்துக்குக் கூப்பிட வந்தவன்டா நானு. தென்னையில காய் எண்ணுற கண்ணுக்கு அண்ணனைத் தெரியலையாமா?"

பையன் போனைக் கையால மூடிக்கிட்டு, "ஏம்மா, கண்ணு ஏதாச்சும் தெரியலையா?"ன்னு கேட்டான்.

ஆமான்னா ஆஸ்பத்திரி, கத்தி. "தெரியுது"ன்னுட்டேன். அந்த ஒரு சொல்லை இன்னமும் திருப்பித் திருப்பி நினைக்கிறேன். பையன் அதையே போன்ல அண்ணங்கிட்டச் சொல்லிட்டான்.

ராசிபுரத்துல கல்யாணம். போனோம். மண்டப வாசல்ல நின்ன அண்ணன், எங்க பையனைப் பார்த்து "வாடா"ன்னார். எனக்கு ஒண்ணும் சொல்லலை. மேடையில விளக்கு வெளிச்சம் கண்ணுல சிதறி, பொண்ணு மூஞ்சியைக் கூட நான் பார்க்கலை. சாப்பிட்டு வந்துட்டோம்.

அதுக்கப்புறம் பயம் புடிச்சுக்கிச்சு. கேட்டுகிட்ட நிழல் ஆடினாலே "வாங்க, வாங்க"ன்னுருவேன். கரண்டு மீட்டர் பார்க்க வந்தவர் திகைச்சுப் போயி காப்பி குடிச்சுட்டுப் போனார். ஒரு நாள் அப்படித்தான் நான் கூப்பிட, பையன் விழுந்து விழுந்து சிரிச்சான். "யாரைம்மா கூப்பிடறே? கொடியில காயறது என் வேட்டிம்மா." சிரிச்சுக்கிட்டே வந்தவன் சட்டுன்னு நின்னான்.

"அன்னிக்கு மாமா வந்தப்பவும் இப்படித்தானாம்மா?"

எனக்கு அழுகைதான் வந்துச்சு.

மறுநாள் சேலத்துக்குக் கூட்டிட்டுப் போனான். சொட்டு மருந்து விட்டு உக்கார வச்சு, டாக்டரம்மா பார்த்தாங்க.

"புரை திரும்ப வராதுங்க பாட்டி. அப்ப வச்ச லென்சு நல்லாத்தான் இருக்கு. அதுக்குப் பின்னால இருக்கிற சவ்வுதான் மங்கிப் போச்சு. நிறையப் பேருக்கு இப்படி ஆகும். லேசர்ல நடுவுல சின்னதா ஓட்டை போட்டுட்டா வெளிச்சம் உள்ள போகும்."

"கத்திங்களா?"ன்னு கேட்டேன்.

"கத்தியும் இல்லை, கட்டும் இல்லை. மோவாயை இதுல வச்சுட்டு ஆடாம இருங்க, போதும்."

டிக்கு டிக்குன்னு சத்தம் கேட்டுச்சு, அவ்வளவுதான். நான் எந்திரிச்சு, இன்னும் ஆரம்பிக்கலைங்களான்னு கேட்டேன். இன்னொரு கண்ணுக்கு அடுத்த வாரம் பண்ணினாங்க. ரெண்டு நாளைக்குக் கொசு பறக்கிற மாதிரி இருந்து, அதுவும் போச்சு. எப்பங்க நான் வந்திருக்கணும்னு டாக்டரம்மாகிட்டக் கேட்டதுக்கு, "மங்கல்னு தெரிஞ்ச அன்னிக்கே வந்திருக்கலாமே"ன்னாங்க.

அந்த வாரமே மோகனூர் போனேன். கேட்டுலயே நின்னேன். அண்ணன் வேப்பமரத்தடியில நாற்காலியில உக்கார்ந்திருந்தார். கன்னம் ஒட்டி, கழுத்து நரம்பு தெரிய, இவ்வளவு வயசு எப்ப ஆச்சு இவருக்கு? என்னையே பார்த்தார். ஒண்ணும் சொல்லலை. அன்னிக்கு எங்க வாசல்ல அவர் நின்னது எப்படி இருந்திருக்கும்னு அப்பத்தான் எனக்குத் தெரிஞ்சுது.

அண்ணன் சம்சாரம், எங்க பக்கம் நங்கைன்னு கூப்பிடுவோம், அவங்கதான் ஓடி வந்து, "வாங்கம்மிணி, ஏன் அங்கயே நிக்கறீங்க?"ன்னு கையைப் புடிச்சாங்க.

கிட்டப் போயி எல்லாத்தையும் சொன்னேன். சவ்வு, லேசர், வேட்டியைக் கூப்பிட்டது வரைக்கும். நங்கை சிரிச்சாங்க. அண்ணன் சிரிக்கலை.

"இப்ப நல்லாத் தெரியுதா?"

"தெரியுதுங்கண்ணா."

"அன்னிக்கும் அப்படித்தான சொன்ன" அப்படின்னார்.

மோர் வந்துச்சு. குடிச்சேன். பொழுது சாயற வரைக்கும் உக்கார்ந்திருந்தேன். "போயிட்டு வாரேனுங்கண்ணா"ன்னு எந்திரிச்சப்ப, சரி வான்னு சொல்லுவாரான்னு அவர் வாயையே பார்த்தேன்.

"படி இருக்குது, பாத்துப் போ"ன்னார்.

கேட்டு வரைக்கும் போயித் திரும்பினேன். அங்கிருந்தே அவர் மூஞ்சி தெளிவாத் தெரிஞ்சுது. அவர் என்னைப் பார்க்காம, அவங்க தோட்டத்துத் தென்னையில காயைப் பார்த்துக்கிட்டிருந்தார்.