நான்கு பேருக்குக் குறைந்தால்

"காசிக்குக் குளுருதுன்னா, அன்னிக்கு சூரியன் லீவு போட்டிருக்குன்னு அர்த்தம்!"

ஆம்பூரை ஒட்டிய குடியிருப்பு ஒன்றின் பொதுக் கூடத்தில், மார்கழிக் காலை ஏழு மணிக்கு, குரங்குக் குல்லாய்க்குள் ஒடுங்கியிருந்த ஆறு முதியவர்கள் முன்னிலையில் திருவாளர் காசி வெளியிட்ட அறிக்கை இது. அறிக்கையின்போது அவர் அணிந்திருந்தது பனியனும் லுங்கியும். தோல் தொழிற்சாலை ஒன்றில் முப்பத்தொரு வருஷம் பாய்லர் ஆபரேட்டராக இருந்தவர். அந்தச் சூடு இன்னும் உடம்பில் மிச்சமிருக்கிறது என்பது அவருடைய கொள்கை.

மற்றவர்களுக்கு அப்படி எந்தக் கையிருப்பும் இல்லை. கத்திரியில் தார் உருகும் ஊரில் பிறந்தவர்களுக்குப் பதினேழு டிகிரி என்பது பனிப்பிரளயம். நாளுக்கொரு குல்லாய் குறைந்தது. கடைசியில் பேப்பரைப் பங்குபோட மிஞ்சியவர்கள் காசியும், தோல் தரம் பிரிக்கும் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற நயீம் அகமதுவும்தான்.

கூடத்தின் செயலாளர் மெர்சி பூட்டோடு வந்தார். "ஆளே வரலியேண்ணா. ரெண்டு மாசம் காலைல பூட்டிட்டு, மாசி நடுவுல தொறந்துக்கலாம்."

காசியின் மனைவி பூவம்மாள் இறந்து மூன்று வருஷம். மகன் கோபி பெங்களூரில், ஞாயிறு தவறாமல் ஃபோனில் "சாப்ட்டியாப்பா?" என்று கேட்கும் பொறுப்பான பிள்ளை. கூடத்தில் ஏழிலிருந்து ஒன்பது வரை பேசுவதுதான் காசியின் அன்றைய பேச்சு. மீதி இருபத்திரண்டு மணி நேரம் வீட்டில் டி.வி. பேசும், இவர் கேட்பார். இதையெல்லாம் ஒரு செயலாளரிடம் எப்படிச் சொல்வது?

"பூட்டறதா? ஒரு ஹீட்டர வெச்சா எல்லாம் வந்து குந்திக்கப் போவுது!" என்றார் காசி.

"உனுக்கு இன்னாத்துக்குய்யா ஹீட்டரு?" என்றார் நயீம்.

"எனக்கா? உன்ன மாதிரி நோஞ்சானுங்களுக்கு!"

உடனே ஹீட்டர் தேர்வுக் குழு அமைக்கப்பட்டது. தலைவர் காசி, ஒரே உறுப்பினர் நயீம். குழு வேலூருக்கு பஸ் ஏறியது.

கடையில் முதலில் வந்தது, கம்பி சிவக்கச் சிவக்க எரியும் ரகம். "தோஸ்த், உன் மஃப்ளர் நுனி பட்டா போதும், கூடமே காலி," என்று தலைவர் நிராகரித்தார். அடுத்தது விசிறி வைத்தது. "இது போடற சத்தத்துல நாம எப்படிப் பேசறது?" என்று அதையும் தள்ளினார். மூன்றாவது, உள்ளே எண்ணெய் அடைத்து, சக்கரத்தில் நின்ற கனத்த சாமான். காசியின் கண்கள் கனிந்தன.

"சேஃப்டி வால்வு எங்க?"

"சார், இது பாய்லர் இல்ல. வெச்ச சூடு வந்ததும் தானா நின்னுடும். சாஞ்சாலும் ஆஃப் ஆயிடும்."

கடைக்காரர் சொல்லி முடிப்பதற்குள் காசி சாய்த்துவிட்டார். ஹீட்டர் ஆஃப் ஆனது. கடைக்காரரும் ஏறக்குறைய.

அதுவே ஊருக்கு வந்தது. அவ்வளவு உயரமான கூடத்தைச் சூடாக்குவது ஜவ்வாது மலையைச் சூடாக்குவதற்குச் சமம் என்று காசி தீர்ப்பளித்து, சபையைப் பக்கத்திலிருந்த சின்னப் படிப்பறைக்கு மாற்றினார். ஜன்னல் இடுக்குகளில் தோல் வெட்டுத் துண்டுகளைத் திணித்தார். எலக்ட்ரீஷியனை அழைத்து, எர்த் இழுத்துத் தனி பாயிண்ட் வைக்கச் சொன்னார். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் நாடு கடத்தப்பட்டது. கரண்ட் வீணாகக் கூடாதென்று சுவரில் ஓர் ஆணையும் ஒட்டினார்: "நான்கு பேருக்குக் குறைந்தால் ஹீட்டர் போடக் கூடாது. இப்படிக்கு, காசி."

பாய்லர் வழக்கப்படி ஒரு லாக் புக்கும் உண்டு. நேரம், ஆட்கள், காரணம். காரணத்தின் கீழ் "நயீமுக்குக் குளிர்", "ஹலீமா பீக்கு மூட்டு வலி" என்று விதவிதமாக எழுதப்பட்டது. காசியின் பெயர் மட்டும் வரவில்லை. அவர் நாற்காலி கதவோரம், ஹீட்டருக்கு எட்டாத தூரத்தில் கிடந்தது.

குல்லாய்கள் திரும்பின. ஒரு நாள் காசியையும் சேர்த்து மூன்று பேர்தான் இருந்தார்கள். காசி சுவிட்சைத் தொடவிடவில்லை.

"எண்ணி வெச்சு சாவடிக்கிறான்பா," என்றார் நயீம்.

"ரூல்னா ரூல்."

பொங்கல் வந்தது. நயீம் காட்பாடியில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். மற்றவர்களுக்கும் ஆளுக்கொரு பிள்ளை, ஆளுக்கொரு ஊர். சாவியைக் காசியிடம் கொடுத்துவிட்டு மெர்சியும் பஸ் ஏறினார். "லீவு கெடைக்கலப்பா," என்று கோபி ஞாயிற்றுக்கிழமையே சொல்லிவிட்டான்.

பொங்கலன்று ஏழு மணிக்குக் காசி படிப்பறையைத் திறந்தார். ஆறு நாற்காலிகளைத் துடைத்தார். பேப்பரை எடுத்து, பழக்கத்தில், நயீமுக்குரிய விளையாட்டுப் பக்கத்தைத் தனியே மடித்து வைத்தார். எட்டு மணி வரை கதவைப் பார்த்தார். பிறகு சுவரில் இருந்த தன் ஆணையை ஒருமுறை முழுதாகப் படித்தார்.

நாற்காலியைக் கதவோரத்திலிருந்து இழுத்து வந்து, ஹீட்டரை ஒட்டிப் போட்டு உட்கார்ந்தார். சுவிட்சைப் போட்டார். கைகளை நீட்டினார். திறந்த கதவு வழியே வெயில் உள்ளே பாதி அறை வரை வந்திருந்தது. சூரியன் அன்று டியூட்டியில்தான் இருந்தது.

லாக் புக்கை மடியில் வைத்து எழுதினார். நேரம்: 8.05. ஆட்கள்: 1. காரணம்:

"காசிக்குக் குளிர்."