சுத்திப் பார்க்க வந்தவர்கள்

ஸ்விட்சர்லாந்து போய்விட்டு வந்தவர்களை எனக்குப் பிடிக்காது. உங்களிடம் சொல்வதற்கென்ன. எகிப்து போனவர்களையும் பிடிக்காது. ஆனால் வெயிலில் கறுத்துத் திரும்பி வருவதால் அவர்களைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்வேன். போன வாரம் இங்கே, மும்பையை ஒட்டிய டோம்பிவிலியில், எங்கள் மேல்மாடிக்காரி ஒரு பை சாக்லேட்டும் போன் நிறையப் பனிமலையுமாக வந்து உட்கார்ந்துகொண்டாள். ஒவ்வொரு படத்திலும் ஒரு மலை, அதை மறைத்துக்கொண்டு அவள்.

"சாகறதுக்குள்ள ஒரு தடவையாவது பாத்துடணும்" என்றாள்.

"பாக்காம செத்தா என்ன ஆகும்?" என்று கேட்டேன். அவள் சிரித்தாள். நான் சிரிப்பதற்காகக் கேட்கவில்லை.

அவள் போன பிறகு சாக்லேட்டைப் பிரித்தேன். கோபம் வேறு, சாக்லேட் வேறு. வெள்ளித்தாளைக் கிழித்ததும் எழுந்த வாசனை என்னை நேராகச் செம்பூரில் கொண்டுபோய்த் தள்ளியது. படிப்பு முடித்ததும் நான் வேலைக்குச் சேர்ந்த சுற்றுலா ஆபீஸ் அங்கேதான் இருந்தது. வெளிநாடு போய்த் திரும்புகிறவர்கள் எல்லாம் எங்கள் முதலாளிக்குச் சாக்லேட் கொண்டுவந்து கொடுப்பார்கள். அவரை எல்லோரும் 'சார்' என்போம். பெட்டி அவர் வீட்டுக்குப் போகும். வழியில் உருகி நசுங்கியவை எங்களுக்கு வரும். அந்த வகையில் ஐரோப்பா முழுவதையும் நான் நசுங்கிய நிலையில் தின்றிருக்கிறேன்.

போனை எடுப்பது, பயணத் திட்டத்தை டைப் செய்வது, வருகிறவர்களுக்கு இடங்களைப் பற்றி விளக்குவது என் வேலை. நான் பார்த்திராத உலகத்தை நான்தான் விற்றேன். ஈபில் கோபுரத்தில் எந்தத் தளம் வரை லிப்ட், சீனச் சுவரில் எந்தப் பக்கம் படி செங்குத்து, வெனிஸ் வாய்க்கால் எந்த மாதத்தில் நாறும் எல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். வந்தவர்கள் கேட்டதைச் சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். பிரமிடுக்குள் ஏசி உண்டா? கொலோசியத்துக்குப் பக்கத்தில் தயிர்சாதம் கிடைக்குமா? எல்லோரும் தவறாமல் கேட்பது கழிப்பறையைப் பற்றி. "சுத்தமா இருக்குமாம்மா? வரிசையில நிக்கணுமா?" என்று கவலைப்படுவார்கள். அன்று காலை தாராவியில் பொதுக் கழிப்பறை வரிசையில் வாளியோடு நின்றுவிட்டு வந்தவள் நான். "ரொம்ப சுத்தம் மேடம். நிக்கவே வேண்டாம்" என்பேன்.

சேர்ந்த அன்றே என் விலாசத்தைச் சார் திருத்தினார். "தாராவின்னு சொல்லிக்காதம்மா. சயான்னு சொல்லு. கஸ்டமர் மெரண்டுடுவாங்க." இரண்டுக்கும் நடுவில் ஒரு ரயில் பாதையும் கொஞ்சம் மரியாதையும்தான் இருந்தன. அன்றிலிருந்து ஆபீசில் நான் சயான்காரி.

தேதி போன விளம்பரத் தாள்களை வீட்டுக்கு எடுத்துப் போவேன். வழவழவென்று தடித்த தாள். மழை ஒழுகும் தகரச் சுவரில் ஒட்ட நன்றாக இருக்கும். ஒட்டுவது பேச்சி மைனி, என் அண்ணன் மனைவி. தையல் பட்டறையிலிருந்து சட்டைகளை வாங்கிவந்து வீட்டிலேயே நூல் பிசிறு வெட்டிக் கொடுப்பாள். வாசலில் வெளிச்சம் பார்த்து உட்கார்ந்தபடி சுவரில் இருப்பதைப் பற்றி விசாரிப்பாள்.

"இந்த நயாகராவுல குளிக்க உடுவாவளாட்டி?"

"உடமாட்டாவ மைனி. தள்ளி நின்னு பாக்கணும்."

"குளிக்காம அருவிக்கு என்னத்துக்குப் போணும்? கொழுப்பெடுத்தவனுவ."

குற்றாலத்தில் குளித்து வளர்ந்தவள். 

அந்த வருஷம் சாருக்குப் புதுப் புத்தி வந்தது. நம் ஆட்களை வெளிநாட்டுக்கு அனுப்புவதோடு, வெளிநாட்டுக்காரர்களுக்கு மும்பையைக் காட்டவும் கிளம்பினார். அச்சாகி வந்த தாள் ஒரு சனிக்கிழமை என் மேஜைக்கு வந்தது. அவசியம் காண வேண்டிய இடங்கள்: கேட்வே, எலிபெண்டா குகை, அதற்கு அடுத்து தாராவி. அதன் கீழே ஆங்கிலத்தில் 'நிஜ மனிதர்கள்' என்று போட்டிருந்தது. குகையில் இருப்பது சாமி, சரி. கேட்வேயில் சுண்டல் விற்பவன் பொய் மனிதனா?

"சார், இது எதுக்கு சார்?" என்றேன்.

"உனக்கென்னம்மா? நீதான் சயானாச்சே."

கேலியாகச் சொன்னாரா, நிஜமாகவே மறந்துவிட்டாரா என்று தெரியவில்லை. கேலியாக இருந்திருந்தால்கூட மன்னித்திருப்பேன்.

மறுநாள் ஞாயிறு. நான் தலைக்குக் குளித்துவிட்டு வாசலில் முடி உலர்த்திக்கொண்டிருந்தேன். மைனி உள்ளே மோரியில் குளித்துக்கொண்டிருந்தாள். மோரி என்றால் குளியலறை என்று நினைத்துவிடாதீர்கள். அறையின் மூலையில் முழங்கால் உயரத் தடுப்பு, அதற்கு ஒரு பழைய சேலைத் திரை, அவ்வளவுதான். சந்துக்குள் தொப்பியும் தண்ணீர் பாட்டிலுமாக ஒரு கூட்டம் வந்தது. முன்னால் குடையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, மூக்கில் கைக்குட்டையோடு, எங்கள் சார்.

என்னைப் பார்த்ததும் கைக்குட்டையை எடுத்தார். "ஏய், நீயா! இது உன் வீடா?" சங்கடப்படுவார் என்று நினைத்தேன். மனுஷன் மகிழ்ந்துபோனார். கூட்டத்தின் பக்கம் திரும்பி, இந்தப் பெண் இங்கிருந்து முன்னேறி என் ஆபீசில் கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறாள் என்று ஆங்கிலத்தில் அறிவித்தார். அவர்கள் கைதட்டினார்கள். ஈரத் தலையோடு நின்றிருந்த என்னைப் பார்த்துக் கைதட்டினார்கள்.

அதற்குள் ஒருத்தி எங்கள் தகரச் சுவரில் ஈபில் கோபுரத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். அவள் ஊர்க் கோபுரமாம். கூச்சலிட்டபடி காமிராவை உள்ளே நீட்டினாள். அவளோடு வந்த உயரமான ஆள் ஷூக்காலை வாசலுக்குள் வைத்துவிட்டான்.

"யாருட்டி அது?" என்று திரைக்குள்ளிருந்து சத்தம் வந்தது. அவசரமாகச் சுற்றிய சேலையும் தலையில் ஈரத் துண்டுமாக மைனி வெளியே வந்தாள். "என்ன வேணும் சார்?"

"ஒண்ணுமில்லம்மா. சுத்திப் பாக்க வந்திருக்காங்க. அஞ்சே நிமிஷம். நீங்க பாட்டுக்கு உங்க வேலையப் பாருங்க."

"நான் குளிச்சிட்டுல்லா இருந்தேன். அதையா பாக்கணும்?"

சார் அசரவில்லை. கூட்டத்திடம் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். "என்னட்டி சொல்லுதான்?" என்றாள் மைனி.

"நீங்க எல்லாரையும் உள்ள கூப்பிடுதீயளாம் மைனி."

மைனி அந்த ஷூவையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரி. இவுக வீட்டுக்கு நாம எப்பம் போய்ப் பாக்கலாம்னு கேளு."

நான் கேட்டேன். சார் சொல்லிக்கொடுத்த அதே மரியாதையான ஆங்கிலத்தில், வாடிக்கையாளர்களிடம் பேசுவதுபோல் கேட்டேன். காமிராக்காரி முகம் சிவந்து காமிராவைத் தாழ்த்தினாள். உயரமானவன் சிரித்தபடி, அது வேறு விஷயம் என்றான். என்ன வேறு என்று சொல்லவில்லை. சார் என்னை முறைத்துவிட்டுக் குடையை உயர்த்திக் கூட்டத்தை ஓட்டிக்கொண்டு போனார்.

திங்கட்கிழமை ஆபீசில் அவர் சொன்னது இவ்வளவுதான்: "உங்க ஏரியாவ உலகமே பாக்க வருது. பெருமப்படத் தெரியல உங்களுக்கு." அதை வீட்டில் வந்து சொன்னேன். மைனி பிசிறு வெட்டுவதை நிறுத்தவில்லை. "அவரு வீடு எங்க இருக்கு?" என்றாள்.

அடுத்த ஞாயிறு மைனியும் சந்துப் பெண்கள் நாலைந்து பேரும் நல்ல சேலை கட்டி, பூ வைத்து, பஸ் ஏறிச் செம்பூர் போனோம். சாக்லேட் பெட்டி தூக்கிக்கொண்டு ஒருமுறை அந்த வீட்டுக்குப் போயிருந்ததால் வழி எனக்குத் தெரியும். கேட்டில் வாட்ச்மேன், யாரைப் பார்க்க என்று கேட்டான். "கூம்னே ஆயா" என்றாள் மைனி. சுற்றிப் பார்க்க வந்தோம் என்று அர்த்தம். அவளுடைய இந்திக்கு இலக்கணம் கிடையாது, ஆனால் யாரும் மறுத்துப் பேசியதில்லை.

கதவைத் திறந்தவர் சார்தான். பனியனோடு, கையில் உப்புமாத் தட்டோடு நின்றார்.

"சுத்திப் பாக்க வந்திருக்கோம் சார். அஞ்சே நிமிசம். நீங்க பாட்டுக்குச் சாப்பிடுங்க" என்ற மைனி என்னிடம், "நீதான கைடு? சொல்லு" என்றாள்.

எனக்கு எங்கிருந்து அந்தக் குரல் வந்ததோ! "இது ஹால். அது டிவி. இவர் எங்கள் முதலாளி, ஞாயிற்றுக்கிழமை காலையில் உப்புமா சாப்பிடுகிறார்" என்று ஆரம்பித்தேன். பின்னால் நின்ற ஒருத்தி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். இன்னொருத்தி, "நெசமாவே சாப்பிடுதாரு, பாரேன்" என்றாள். சாரின் முகத்தில் நிறம் மாறியதை நான் ரசித்தேன். இன்றைக்கும் ரசிக்கிறேன்.

அப்போது உள்ளேயிருந்து, "யாருங்க அது?" என்றபடி அவர் மனைவி வந்தார். குளித்துவிட்டு வந்திருந்தார், நைட்டி, தலையில் ஈரத் துண்டு. இத்தனை பேர் தன்னைப் பார்ப்பதைக் கண்டதும் இரண்டு கையாலும் மார்பை மறைத்துக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினார்.

மைனி சட்டென்று திரும்பினாள். "போதும். வாங்கட்டி."

"இன்னும் கிச்சன் பாக்கல மைனி" என்றேன்.

"வாங்கன்னேன்லா."

திரும்பி பஸ் ஏறினோம். சயான் தாண்டியதும் மைனி சொன்னாள். "அந்தப் பிள்ள என்ன செஞ்சிச்சு, பாவம்." அவளுக்கு அந்த மனசு இருந்தது. எனக்கு இல்லை. சாரை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டுதான் வருகிறது.

வேலை போயிற்று. குர்லாவில் ஒரு கூரியர் ஆபீசில் சேர்ந்தேன். அங்கே யார் விலாசத்தையும் யாரும் திருத்துவதில்லை. சார் எங்கள் சந்துக்கு மறுபடி வரவில்லை. ஆனால் அவரைப் போல வேறு பலர் கிளம்பிவிட்டார்கள். வேறு குடை, வேறு தொப்பி. சிலர் பணிவாகக் கேட்டுவிட்டுப் பார்த்தார்கள். பணிவாகப் பார்த்தாலும் பார்த்தார்கள்தானே?

அதற்கு முன் எங்கள் சந்தில் பகலில் கதவு சாத்தி நான் பார்த்ததில்லை. குழாய்க்குப் போகிற வழியிலேயே யார் வீட்டில் மீன், யாருக்குக் காய்ச்சல் என்று தெரிந்துவிடும். பேச்சு வாசலுக்கு வாசல் தாண்டிப் போகும். முதலில் மைனி வாசலுக்குத் திரை போட்டாள். பிறகு அண்ணன் தாழ்ப்பாள் வாங்கி வந்தான். எதிர்வீட்டிலும் சாத்தினார்கள், அதற்கடுத்த வீட்டிலும். மைனி பட்டப்பகலில் டியூப்லைட் போட்டுக்கொண்டு பிசிறு வெட்டினாள். ஒரு மழைக்காலம் முடிவதற்குள் சந்து இரண்டு வரிசை மூடிய கதவுகளாக ஆகிவிட்டது. அப்புறம் கூட்டங்களும் குறைந்தன. பார்க்க ஒன்றும் இல்லையே.

மைனி போன வருஷம் இறந்தாள், தாராவியில் அதே வீட்டில், நான் டோம்பிவிலியிலிருந்து பார்க்கப் போயிருந்தபோது. மத்தியானம்தான், தெரு நிறைய வெயில். எதிர்வீட்டில் சொல்வதற்காக ஓடினேன். கதவு சாத்தியிருந்தது. அவர்களும் மைனியும் நாற்பது வருஷம் எதிரெதிரே வாழ்ந்தவர்கள். நான் கதவைத் தட்டிவிட்டு, யார் என்று உள்ளிருந்து கேட்பதற்காகக் காத்துக்கொண்டு நின்றேன்.