பழைய விரிசல்

திருவொற்றியூரில் கல்லூரி மாணவர்களுக்கு உலோக ஆய்வுப் பயிற்சி நடத்தும் அம்மையாருக்கு நான் ஆலோசகன். அம்மையார் ஒல்லியானவர். உடைந்த துண்டுகளை யாராவது பொருத்திப் பார்த்தால் கையைத் தட்டிவிடுவார்: "ஒட்டவெக்காத கண்ணு, ஒடஞ்ச எடம் தேஞ்சிட்டா ஒண்ணும் தெரியாது."

கிரேன் கொக்கி உடைந்து இறந்த தொழிலாளிமேலேயே பழியைப் போட்டது ஒரு தொழிற்சாலை. காயலான் கடையிலிருந்து பயிற்சிக்கு வாங்கிவந்த பழைய இரும்பில் கிடந்த அந்தக் கொக்கியில் விபத்துக்கு முந்தைய விரிசல் இருந்ததை மாணவி ஒருத்தி கண்டுபிடித்தாள். பயிற்சிக்குப் பணம் தந்ததும் அதே தொழிற்சாலைதான்.

"பயிற்சி அறிக்கையிலேர்ந்து அத எடுத்துடுங்கம்மா. இல்லேன்னா பயிற்சியே நின்னுடும்" என்றேன்.

"எடுத்துட்டா நடக்கும் சார். வர்ற புள்ளைங்களுக்கு இன்னா சொல்லித் தர்றது?"

வெட்கத்தோடு சொல்கிறேன், எடுக்கவைத்தேன்.

இந்த ஆண்டுத் தொடக்க வகுப்பில், "கண்ணால கண்டத அப்படியே..." என்று ஆரம்பித்தவர், முன்வரிசையில் என்னைப் பார்த்ததும் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.