ஏழோடு நின்றுபோன பட்டியல்

எனக்குப் பிடித்த படங்கள் மொத்தம் ஏழு. எட்டாவது கிடையாது. கேட்டவர்களிடமும் இதைத்தான் சொல்வேன், கேட்காதவர்களிடமும் சொல்வேன். எங்கள் பனியன் ஊரின் ராயபுரத்தில், நான் வேலை பார்க்கும், துணி பின்னும் நிட்டிங் கம்பெனிக்கு எதிரே ஒரு பேக்கரி இருக்கிறது. டீ நேரத்தில் அங்கே கூடும் ஆட்களுக்கு என் பட்டியல் மனப்பாடம். யாராவது புதுப்படம் பார்த்துவிட்டு வந்து ஆகா ஓகோ என்று ஆரம்பித்தால் போதும், நான் டீ டம்ளரைக் கீழே வைத்துவிடுவேன்.

"ஏனுங்க, அதெல்லாம் ஒரு படமுங்களா? வசனம் பேசறானா கொட்டாவி உடறானான்னே தெரியலீங்க."

எல்லோரும் சிரிப்பார்கள். என் நக்கலுக்குத்தான் சிரிக்கிறார்கள் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பட்டியலில் முதல் படம், தங்கை தன் சொந்த அண்ணனுக்கு எதிராகக் கோர்ட்டில் சாட்சி சொல்லும் படம். கூண்டில் ஏறியவள் ஒரே மூச்சில் பேசுவாள். கேமரா அவள் முகத்தை விட்டு அசையாது. எத்தனை தடவை பார்த்தேன் என்பதற்குக் கணக்கில்லை, அவள் எந்த இடத்தில் மூச்சு வாங்குவாள் என்பதுகூட எனக்குத் தெரியும். இரண்டாவதில் ஒரு தபால்காரர் தனக்கு வந்த கடிதத்தைக் கடைசிவரை பிரிக்கமாட்டார். மூன்றாவதில் அப்பனும் மகனும் ஒரே தேர்தலில் நிற்பார்கள். அடுத்த மூன்றும் பாட்டுக்காகச் சேர்த்தவை. அவற்றில் ஒன்றில் கதாநாயகன் போட்டிருக்கும் பனியனில் நெடுக ஊசிக்கோடு ஓடும். தேய்ந்த ஊசியை மாற்றாமல் ஓட்டிய துணி. அதைப் பார்த்த நாளிலிருந்து அவன் அழும் காட்சியில் எனக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது, ஆனாலும் பாட்டு நல்ல பாட்டு.

ஏழாவது, மாப்பிள்ளையைத் தேங்காய் லாரியில் ஒளித்து வைத்து ஊர் ஊராகக் கொண்டுபோகும் காமெடிப் படம். அது பட்டியலில் இருப்பதற்கு என் மனைவிதான் காரணம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியான ஆட்டம், நாங்கள் இரண்டு பேர் மட்டும் போயிருந்தோம். லாரி டிரைவர் ஏதோ சொல்ல, முந்தானையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. பாதிப் படம் திரையைப் பார்த்தேன், பாதிப் படம் அவளைப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு வந்த படங்கள் எனக்கு ஒத்துவரவில்லை. ஒருத்தனும் நேராக நின்று பேசமாட்டான். முதுகைக் காட்டிக்கொண்டு பேசுவான், இருட்டில் பேசுவான், அதன்மேல் இசை வேறு ஏறி உட்கார்ந்துகொள்ளும். சினிமா செத்துப்போச்சு என்று வீட்டில் அறிவித்துவிட்டுத் தியேட்டருக்குப் போவதை நிறுத்தினேன். அப்போது மகள் ஆறாம் வகுப்பு. மனைவி ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லவில்லை. "நீங்க சொன்னாச் சரிங்க" என்றாள். என்னோடு வாழ்ந்து அவளுக்கும் நல்ல ரசனை வந்துவிட்டது என்று பெருமைப்பட்டேன்.

எங்கள் வேலையைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். நிட்டிங் மெஷின்கள் வரிசையாகச் சுற்றும் இடத்தில் பக்கத்தில் நிற்பவன் தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது. அதனால் யாரும் கத்துவதில்லை. சுண்டுவிரலைக் காட்டினால் ஊசி உடைந்துவிட்டது, கையைச் சுழற்றினால் நூல் கோன் தீர்ந்துவிட்டது. மற்றதெல்லாம் உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வோம். ஒருவனைக் கூப்பிட வேண்டுமென்றால் வேஸ்ட் நூலை உருட்டி முதுகில் எறிவோம். என் மனைவிக்குக் கல்யாணத்துக்கு முன்பிருந்தே நூல் மில்லில் கோன் சுற்றும் வேலை. அங்கேயும் இதே கதைதான். நான் பெண் பார்க்கப் போன அன்று பெரியவர்கள் கூடத்தில் பேசிக்கொண்டிருக்க, அவள் சமையலறைக் கதவோரம் நின்று, பிடித்திருக்கிறதா என்று கையால் கேட்டாள். நானும் கையாலேயே பதில் சொன்னேன். எங்கள் கல்யாணம் அங்கேயே முடிவாகிவிட்டது. வீட்டிலும் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துத்தான் பேசுவோம். மகள் பேசக் கற்றுக்கொண்டதே கத்தித்தான்.

போன வருஷம் அந்தக் கோர்ட் படம் மறுபடி தியேட்டருக்கு வந்தது, புதுச் சவுண்டு சேர்த்து. மகள் இப்போது ஒரு எக்ஸ்போர்ட் ஆபீசில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர். போனிலேயே டிக்கெட் எடுத்துவிட்டு, வந்தே ஆகவேண்டும் என்றாள். மனைவி ஒரு சீருக்காகக் காங்கேயம் போயிருந்தாள். மகளும் நானும் மத்தியான ஆட்டத்துக்குப் போனோம்.

தங்கை கூண்டில் ஏறினாள். நானும் அவளோடு சேர்ந்து வாய்க்குள் வசனம் சொல்லிக்கொண்டிருந்தேன். பாதிதான் ஆகியிருக்கும், முன் வரிசையில் ஆட்கள் எழுந்து நின்று பின்னால் திரும்பிக் கையை ஆட்ட ஆரம்பித்தார்கள். திரை மறைந்தது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது, நானும் எழுந்து கத்தினேன்.

"உக்காருங்க! இந்த சீன்ல போயி எந்திரிக்கறீங்களே, மனுசங்களா நீங்க?"

மொத்தத் தியேட்டரும் என்னைத் திரும்பிப் பார்த்தது. மகள் என் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்து, தன் முகத்தை என் முகத்துக்கு நேராகக் கொண்டுவந்தாள்.

"அப்பா, சவுண்டு போயி அஞ்சு நிமிசமாச்சுங்க. உங்களுக்குத் தெரியலீங்களா?"

"தெரியாம என்ன கண்ணு" என்றேன். பொய். எனக்கு அந்தத் தங்கையின் குரல் ஒரு வார்த்தை குறையாமல் கேட்டுக்கொண்டிருந்தது. அது திரையிலிருந்து வரவில்லை என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

காது டாக்டரிடம் மகள்தான் இழுத்துக்கொண்டு போனாள். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்திருந்த பெண்ணின் தோள் அசையும்போதெல்லாம் அழுத்தினேன். கொஞ்ச நேரத்தில் அவள் கண்டுபிடித்துவிட்டாள் போல, நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகு நான் ஒரு தடவைகூட அழுத்தவில்லை.

பத்து வருஷத்துக்கும் மேலாகவே போய்க்கொண்டிருந்த காது என்றார் டாக்டர். மெஷின் சத்தம்தான் காரணமாம். காதில் கருவி வைத்தால் சத்தம் கேட்கும், வார்த்தை தெளிவாகக் கேட்கும் என்று சொல்லமுடியாது. மகள் இதையெல்லாம் என் முகத்தைப் பார்த்து மெதுவாகச் சொன்னாள். கம்பெனியில் நாங்கள் வேஸ்ட் நூலைத்தான் உருட்டிக் காதில் வைத்துக்கொள்வோம். வெளிநாட்டுக்காரர்கள் ஆடிட்டுக்கு வரும் அன்று மட்டும் காலையில் ஆளுக்கு ஒரு ஜோடி ஆரஞ்சு நிறக் காது அடைப்பான் கொடுத்து, சாயங்காலம் திரும்ப வாங்கி வைத்துக்கொள்வார்கள். எங்கள் காது அவர்களுக்கு வருஷத்தில் ஒரு நாள்தான் தேவைப்பட்டது. டாக்டர் சொன்ன அன்று எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

ஆத்திரத்துக்குப் பிறகு வந்தது வெட்கம். அந்த நடிகர்கள் எல்லோரும் ஒழுங்காகத்தான் பேசியிருக்கிறார்கள். படங்கள் நல்ல படங்களாகவே வந்திருக்கின்றன. நேருக்கு நேர் நின்று, உதடு தெரியப் பேசிய காலத்துப் படங்களை மட்டும் நான் உலகத்திலேயே சிறந்தவை என்று பேக்கரியில் நின்று அடித்துப் பேசியிருக்கிறேன். அதைவிடப் பெரிய வெட்கம், என் காதுக்காக என் மனைவியும் இத்தனை வருஷம் சினிமா பார்க்காமல் போனது. அவளுக்கு நான் செய்த அநியாயம் வேறெதுவும் இதற்கு ஈடாகாது என்று தோன்றியது.

காங்கேயத்திலிருந்து வந்தவள் தரையில் உட்கார்ந்து சீர்த் தட்டிலிருந்த பூவைப் பிரித்துக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்தேன். டாக்டர் சொன்னதையெல்லாம் சொன்னேன். அவள் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள், எப்போதும் போல.

"தப்பு எம்மேலதான் அம்மிணி. உன்னையாச்சும் நான் படத்துக்கு அனுப்பியிருக்கோணும். அந்தத் தேங்கா லாரிப் படத்துல அந்த டிரைவரு அப்படி என்ன சொன்னான்? அன்னிக்கே எனக்கு ஒண்ணும் காதுல உளுகலை. நீ சிரிச்சயேன்னுதான் நானும் சிரிச்சேன்."

பூவைப் பிரித்துக்கொண்டிருந்த கை நின்றது.

"எனக்கு மட்டும் என்னுங்க உளுந்துச்சு?" என்றாள். "நீங்க என்னயப் பாத்துச் சிரிச்சீங்க. புரியலைன்னு சொன்னா உங்களுக்கு வருத்தமாயிருமேன்னு நானுஞ் சிரிச்சனுங்க. அப்பறம் நீங்களும் நிறுத்தலை, நானும் நிறுத்தலை."

இப்போது எங்கள் இருவருக்குமே மகள் டாக்டரிடம் நாள் குறித்திருக்கிறாள். பட்டியலில் ஏழுதான் இருக்கிறது, ஏழாவதை நான் எடுக்கவில்லை. அந்த டிரைவர் என்ன சொன்னான் என்று மகளிடம் கேட்டால் போனிலேயே படத்தைப் போட்டுப் பார்த்துச் சொல்லிவிடுவாள். நான் கேட்கவில்லை. எங்கள் இரண்டு பேரில் முதலில் சிரித்தது யார் என்று யாராவது சொன்னால் எனக்குப் போதும். அதைச் சொல்ல அன்றைக்கு அந்த வரிசையில் எங்களைத் தவிர வேறு யாரும் இல்லை.