நத்தைகுத்தி தின்ற மடை

என் வீட்டுக்காரருக்கு மூலம். எழுபதுகளில் நான் ராசிங்காபுரத்துக்கு வாக்கப்பட்டு வந்தபோது, அதற்கு ஊரே சொன்ன வைத்தியம் நத்தைக்கறி. ஏலத்தோட்டத்தில் பூச்சிமருந்து அடிக்கிற அவர், வாரக் கடைசியில் மருந்தடிக்கும் பம்பைத் தோளில் மாட்டிக்கொண்டு மலையிறங்கி வருவார். மறுநாள் நான் கூடையோடு கண்மாய்க்குப் போவேன்.

நத்தை எங்கே கிடக்கும் என்று நாரையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வோம். நத்தைகுத்தி என்று அதற்குப் பேர். வாயை மூடினாலும் அலகின் நடுவே சந்து தெரியும். நத்தையின் ஓட்டை உடைக்காது. கீழ் அலகை உள்ளே விட்டு நெம்பி, சதையை மட்டும் உருவிவிடும். என் மாமியார்கூட அவ்வளவு சுத்தமாக எடுக்கமாட்டார். செத்த நத்தையை அது தொடாது, அதனால் அது தின்கிற இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு அள்ளலாம் என்பது எங்கள் ஊர்ப் பெண்களின் நம்பிக்கை.

அப்படி ஒருநாள் கண்மாயின் மடையடியில் நாரைகள் தின்றுகொண்டிருந்தன. நானும் அள்ளிவந்து வேகவைத்து, மிளகு தட்டிப்போட்டு வறுத்தேன். அவர் வழித்துத் தின்றுவிட்டு, "இன்னுங் கொஞ்சம் கொண்டா" என்றார். சட்டி காலி.

அதைத் துலக்கக் கண்மாய்க்குப் போனேன். மடையடியில் நாரைகள் விழுந்து கிடந்தன. ஒன்று மட்டும் இறக்கையால் தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தது. சட்டியை எங்கே போட்டேன் என்று தெரியாமல் ஓடிவந்தேன்.

அவர் வாசலில் குத்தவைத்திருந்தார். வேர்த்து ஊற்றியது. வாயில் எச்சில் வடிந்தது.

"நாரையெல்லாம் செத்துக் கெடக்குங்க! எந்தப் பாவியோ தண்ணியில மருந்தைக் கலந்துட்டான்!"

அவர் முகம் வெளிறியது. "பாவி நாந்தேன். நேத்துச் சாயங்காலம் பம்பை அங்கனதேன் கழுவுனேன். மிச்ச மருந்தையும் மடையிலதேன் ஊத்துனேன்."

பக்கத்து வீட்டில் ஏலக்காய் லோடு ஏற்றும் ஜீப்புக்காரர் இருந்தார். "அண்ணே, வெரசா வாங்கண்ணே!" என்று கத்தினேன். போடி ஆஸ்பத்திரி வரைக்கும் என் வீட்டுக்காரர் தலை என் மடியில் கிடந்தது. மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரலை வைத்தபடியே போனேன். அதற்குமுன் நான் அப்படிப் பயந்ததில்லை.

பிழைத்துக்கொண்டார். உடம்பு தேறியதும் அதே பம்பை மாட்டிக்கொண்டு மலைமேல் குரங்கணிக்குப் போகும் ஜீப்பில் ஏறினார். எங்களுக்கு வேறு சோலி ஏது?

அடுத்த மழைக்கு நாரைகள் வந்தன. அவை தின்று முடித்துப் பறந்துபோகும்வரை கரையில் நின்று பார்த்துவிட்டுத்தான் குடத்தைத் தண்ணீரில் இறக்கினேன். மலையில் அவர் குடிக்கிற தண்ணீருக்கு அப்படி நின்று பார்க்க யார் இருக்கிறார்கள் என்ற பயம் மட்டும், அவர் இறங்கிவரும் ஒவ்வொரு வாரக் கடைசி வரைக்கும் எனக்கு இருந்தது.